கொட்டாங்குச்சியில் தொடங்கும் பாடம்: பள்ளியில் 'பொருள் வடிவமைப்பு' என்றால் என்ன?

கும்பகோணத்திலோ திருவாரூரிலோ 'டிசைன்' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது பட்டுப்புடவையின் பார்டர். அடுத்தது நகைக்கடை. அதனால்தான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை 'டிசைன் புராஜெக்ட்' என்று வந்து நின்றால் வீட்டில் சார்ட் பேப்பரும் ஜிகினாவும் வாங்கக் கிளம்புகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ரோபோ கிட் என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். இரண்டுமே போக வேண்டிய கடை இல்லை.

குழப்பத்துக்குப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றோடொன்று ஒட்டிய பெயர்களில் பல திட்டங்கள் ஒரே நேரத்தில் பள்ளிக்குள் வந்திருக்கின்றன. எது எதைத் தருகிறது என்று முதலில் பிரித்துவிடுவோம்.

மூன்று திட்டங்கள், மூன்று வேலைகள்

1. அடல் டிங்கரிங் ஆய்வகம். மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் கீழ் 2016-ல் தொடங்கப்பட்டது. 6 முதல் 12-ம் வகுப்பு வரைக்கானது. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அதில் பாதி கருவிகள் வாங்க, பாதி ஐந்தாண்டு நடத்த. 3டி பிரிண்டர், சென்சார், மின்னணு உதிரிகள் எல்லாம் இதில் வருபவை. அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுக்குள் 50,000 ஆய்வகங்கள் அமைப்பதாக 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்ததால் இந்தப் பெயர் செய்தியில் அடிக்கடி வருகிறது.

2. வானவில் மன்றம். தமிழக அரசு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கியது. 6 முதல் 8 வரை உள்ள அரசுப் பள்ளி வகுப்புகளுக்குப் பொருள்களோடு ஆள் வந்து அறிவியல், கணக்குச் சோதனைகளைச் செய்துகாட்டும் ஏற்பாடு.

3. பள்ளிப் புத்தாக்கப் போட்டிகள். மாணவர் குழு ஒரு சிக்கலைச் சொல்லி, அதற்கு ஒரு தீர்வு யோசித்து அனுப்ப வேண்டும்.

முதலாவது கருவி தருகிறது. இரண்டாவது அறிவியல் விதியைக் காட்டுகிறது. மூன்றாவது மேடை தருகிறது. ஒரு பிள்ளை யாரோ ஒருவரின் சிரமத்தைப் பார்த்து, அங்கிருந்து கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் வரை எப்படி வந்து சேர்வது? பொருள் வடிவமைப்பு என்பது அந்த நடைதான். அதற்குத் தனிப் பாடவேளை கிடையாது. அதனால் மேடைக்கு அனுப்ப வேண்டிய தேதி நெருங்கும்போது, கடையில் செய்து விற்கும் தெர்மாகோல் 'மாடல்' அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

டபராவை வைத்துச் சில சொற்கள்

காபி டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது? கொதிக்கும் காபி உள்ளே இருக்கும்போது உடம்பைத் தொட முடியாது. மடிப்பை இரண்டு விரலால் பிடிக்கலாம். எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றும்போது காபி வழிந்து கழுத்தில் இறங்காமல் இருப்பதும் அதே மடிப்பால்தான். டபரா ஏன் அகலம்? பரப்பு கூடினால் சீக்கிரம் ஆறும். அழகுக்காக வைத்ததுபோல் தெரியும் ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. 'வடிவமைப்பு' என்று இங்கே சொல்வது அதைத்தான்.

1958-ல் இந்திய அரசு கேட்டதன் பேரில் அறிக்கை எழுதிய அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி, இந்நாட்டில் தாங்கள் பார்த்த பொருள்களில் மிகவும் வியந்தது எதை என்றால், லோட்டாவை. நம் சொம்புதான். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையிலா இடுப்பிலா கையிலா தூக்குவது, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், ஊற்றும்போது எப்படி விழும் என்று அதற்குள் அடங்கிய கேள்விகளை அவர்கள் வரிசையாக அடுக்கினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அங்கே சேரப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். நம் வீட்டுக் கொடியடுப்புப் பக்கம் நிற்கும் சொம்பைப் பார்த்து அதே கேள்விகளைக் கேட்க எந்தத் தேர்வும் வேண்டாம்.

இனி வரும் சொற்கள் நான்கு:

1. பயனர்: பொருளைக் கையில் எடுத்து வேலை செய்யப்போகிறவர். 'பொதுமக்கள்', 'விவசாயிகள்' என்றால் யாருமில்லை என்று அர்த்தம். எதிர்வீட்டு அத்தை என்றால் அது பயனர்.

2. கட்டுப்பாடு: எடை, விலை, கிடைக்கும் பொருள், நேரம். கட்டுப்பாடு இல்லாத இடத்தில் பிள்ளைகள் பறக்கும் காரைத்தான் வரைவார்கள்.

3. முன்மாதிரி: தப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே அவசரமாகச் செய்து பார்ப்பது. சுவாமிமலையில் சிலையை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகு நிலையில் மூக்கு சரியில்லை என்றால் விரலால் திருத்தலாம். உலோகம் ஆன பிறகு அரத்தைத்தான் எடுக்க வேண்டும். திருத்துவதற்குச் செலவு குறைவாக இருக்கும் கட்டத்தில் தப்பைப் பிடிப்பது என்ற ஒன்றுக்காகத்தான் முன்மாதிரி.

4. சோதனை: செய்தவர் வாய் திறக்காமல் நிற்க, பயனர் தானாக எடுத்துப் பயன்படுத்துவது. விளக்கம் சொல்லத் தொடங்கினால் சோதனை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டு எதற்கு?

பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தப்பாகச் செய்ய பயம். ஒன்பது வருடமாகச் சிவப்பு மையைப் பார்த்து வந்த பயம் அது. 'தப்பாகச் செய்து பழகு' என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். விளையாட்டில் மட்டும்தான் தோற்பதற்கு அபராதம் இல்லை. பம்பரம் சுற்றாவிட்டால் மறுபடி சாட்டையைச் சுற்றுகிறோம், அவ்வளவுதான்.

டாம் வூஜெக் என்பவர் பல இடங்களில் நடத்திக்காட்டிப் பிரபலமாக்கிய ஒரு பயிற்சி உண்டு. 20 ஸ்பாகெட்டிக் குச்சி (நூடுல்ஸ்போல் நீளமான, வேகவைக்காத மாவுக் குச்சி), கொஞ்சம் நூல், கொஞ்சம் டேப், ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். 18 நிமிடத்தில் மிட்டாய் உச்சியில் இருக்கும்படி உயரமான கோபுரம் கட்ட வேண்டும். மேலாண்மைப் படிப்பு மாணவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகச் செய்ததை அவர் கவனித்தார். பெரியவர்கள் பேசி, திட்டம் போட்டு, கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைக்கிறார்கள்; கோபுரம் சரிகிறது. குழந்தைகள் முதலிலிருந்தே மிட்டாயைச் செருகிச் செருகிப் பார்க்கிறார்கள்.

நம் வகுப்புக்கு 20 தென்னை ஈர்க்குச்சி, ஒரு முழம் நூல், ஒரு முழம் செல்லோடேப், ஒரு கடலை உருண்டை போதும். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு வரும். ஸ்பாகெட்டி ஒடியும், ஈர்க்கு வளையும். அதுவும் நுனிப்பக்கம் அதிகம் வளையும். அடிப்பக்கத்தைக் கீழே வைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று எந்தக் குழு முதலில் கண்டுபிடிக்கிறதோ, அந்தக் குழுவின் உருண்டை நிற்கும். இதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த வகுப்பே வீண்.

நுங்கு தின்று மீந்த காய் இரண்டை எடுத்து, குறுக்கே குச்சி செருகி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடிய தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது. சக்கரம், அச்சு, கைப்பிடி, கிடைத்ததை வைத்துச் செய்தல் எல்லாம் அதில் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: வேறு ஒருவருக்காகச் செய்தல். விளையாட்டைப் பாடமாக்குவது அந்தக் கடைசிப் படி.

பொம்மையிலிருந்து பொருளுக்கு

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தள்ளிவிட்டால் எழுந்து நிற்கும் வகை நமக்கு இங்கே உதவும். நான்கு வகுப்புகளில் இதைச் செய்யலாம்.

1. கண் இல்லாத பாதிக் கொட்டாங்குச்சி ஒன்று. உள்ளே அடியில் வாய்க்கால் களிமண்ணை அப்பித் தள்ளினால் ஆடி ஆடி நிமிரும். அதன்மேல் காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக நிறுத்துங்கள். உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பொம்மை எழுந்திருக்க மறுக்கும். அந்த உயரத்தை ஒவ்வொரு குழுவும் குறித்துக்கொள்ளட்டும்.

2. ஏன் என்று இப்போது கேட்கலாம். கொட்டாங்குச்சியின் அடி வளைவை முழு உருண்டையாகக் கற்பனை செய்தால் அதற்கு ஒரு மையம் இருக்கும். பொம்மையின் மொத்த எடை மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை, சாய்த்தால் எடை மையம் மேலே தூக்கப்படுகிறது. அது மறுபடி இறங்கப் பார்ப்பதால் பொம்மை நிமிர்கிறது. எடை மையம் அந்தப் புள்ளிக்கு மேலே போய்விட்டால் சாய்ந்ததுதான். வளைவின் ஆரம் 6 செ.மீ. என்றால், தரையிலிருந்து 6 செ.மீ.க்குள் எடை மையம் இருக்க வேண்டும். இயற்பியல் புத்தகத்தில் இந்த இடம் வறண்டு கிடக்கும். கையில் களிமண் ஒட்டியிருக்கும்போது யாரும் கொட்டாவி விடுவதில்லை.

3. வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எதுவெல்லாம் சாய்கிறது என்று எழுதி வரச் சொல்லுங்கள். இருமல் மருந்துப் பாட்டில், விபூதிக் கிண்ணம், கட்டிலோரம் பாட்டி வைக்கும் தண்ணீர் டம்ளர். கடைசியில் உள்ளதை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்குக் கை நடுக்கம். பயனர் கிடைத்துவிட்டார்.

4. குழு உடனே பொம்மையின் விதியை டம்ளருக்குப் போடும். அடி உருண்டை, உள்ளே கனம். தட்டிவிட்டால் டம்ளர் எழுந்து நிற்கும். தண்ணீர் தரையில் கிடக்கும்.

இந்த நாலாவது படிக்காகத்தான் முதல் மூன்றும். விதி பொய்க்கவில்லை, டம்ளர் சொன்னபடி நிமிர்ந்தது. ஆனால் பாட்டிக்கு வேண்டியது நிமிரும் டம்ளர் இல்லை, சிந்தாத தண்ணீர். கேள்வியையே மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஆடி நிமிர்வதைவிட ஆடாமலே இருப்பது நல்லது என்று அகலமான அடி, கனமான தட்டு, டம்ளரைப் பிடித்துக்கொள்ளும் வளையம் என்று யோசனை நகரும். வைக்கோலில் வளையம் திரித்து அதற்குள் டம்ளரை உட்கார வைத்துக்கொண்டு குழு பாட்டியிடம் போனால், அவர் பரணிலிருந்து ஒரு பிரிமணையை எடுத்துப் போட்டு, "இதுக்கா நாலு நாளா மெனக்கெட்டீங்க?" என்று கேட்கக்கூடும்.

கேட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. உருண்டை அடிப் பானைகளை நிறுத்த நம் வீடுகளில் காலம்காலமாக இருந்த பொருளுக்கு அவர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அடுத்த வேலை, பிரிமணையில் எது குறை என்று பார்ப்பது. டம்ளருக்கு அது பெரியது. ஈரம் பட்டால் மக்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது குறையைச் சொல்வது பெரும்பாலும் பாட்டியாகத்தான் இருக்கும்.

களத்தில்: சாக்கின் வாய்

பெரிய வகுப்புக்கு ஊர் வேலையிலிருந்து ஒன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ மூட்டையாகப் பிடிக்கப்படுகிறது. களத்தில் மூட்டை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க, இன்னொருவர் கூடையால் அள்ளிக் கொட்டுவார். வாயைப் பிடிப்பவர் குனிந்தே நிற்கிறார். தூசு முழுக்க அவர் முகத்தில்தான். ஒரே ஆள் இந்த வேலையைச் செய்ய ஏதாவது செய்ய முடியுமா?

மாணவர்கள் முதலில் 40 கிலோவைத் தாங்கும் இரும்புத் தாங்கியைத்தான் வரைவார்கள். வெல்டிங், சக்கரம், கூடவே ஒரு மோட்டார். களத்துக்குப் போய் அரை மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டு வந்தால் மோட்டார் தானாகவே மறையும். வேலை செய்பவரிடமே கேட்டால் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்: "வாயைப் புடிச்சா போதும் தம்பி, மூட்டை தரையிலதானே இருக்கு." தாங்கி சுமக்க வேண்டியது சாக்கு வாயின் சில நூறு கிராமை மட்டும். கட்டுப்பாடு என்று நாம் நினைத்ததில் பாதி கட்டுப்பாடே இல்லை.

அதன்பிறகு கணக்கு எளிது. காலிச் சாக்கைத் தரையில் பரப்பி வாயின் அகலத்தை அளக்க வேண்டும். 57 செ.மீ. வந்தால் சுற்றளவு 114. அதைப் பை (π) மதிப்பான 3.14-ஆல் வகுத்தால் விட்டம் சுமார் 36 செ.மீ. பெரிய சைக்கிளின் ரிம் இதற்குள் நுழையாது. சின்னப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் பழைய ரிம் நுழையும். ரிம்மை மூன்று மூங்கில் கால்மேல் கட்டி, சாக்கின் வாயை அதற்குள் விட்டு வெளியே மடித்தால் தாங்கி தயார்போல் தெரியும்.

பத்துக் கிலோ கொட்டியதும் நெல்லின் இழுப்பில் மடிப்பு வழுக்கிச் சாக்கு உள்ளே விழும். அடுத்த யோசனை ஆணியில் மாட்டுவது. சாக்கு நிற்கும், கிழியும். மூன்றாவதாக யாராவது ஒருவர் பழைய டியூப்பை வளையமாக வெட்டி, மடிப்பின்மேல் ரிம் பள்ளத்தில் மாட்டிப் பார்ப்பார். டயர் உட்காரும் பள்ளத்தில் டியூப் கவ்விக்கொள்ளும். இந்த மூன்று கட்டத்துக்கும் ஆகும் செலவு மூங்கிலும் கயிறும்தான். மீதியெல்லாம் பஞ்சர் கடையில் கேட்டால் கிடைக்கும்.

இந்த மாதிரித் திட்டத்துக்கு டெல்டாவில் ஒரு காலக்கணக்கு உண்டு. பள்ளி திறப்பதும் மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12-ம் ஏறத்தாழ ஒன்றாக வரும். ஜூலையில் பார்ப்பது, ஆகஸ்டில் செய்வது, செப்டம்பர் கடைசியில் குறுவை அறுவடையில் சோதிப்பது. அக்டோபர் தாண்டினால் வடகிழக்குப் பருவமழை, விடுமுறை, நனைந்த நெல் என்று ஊரே வேறு கவலையில் இருக்கும். சம்பா அறுவடைக்குள் முடிப்போம் என்று தள்ளிப்போட்டால் பொங்கலுக்குப் பிறகு திருப்புதல் தேர்வுகள் வந்து நிற்கும்.

மதிப்பெண் எங்கே?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஐந்து பாடம், 500 மதிப்பெண். அறிவியலில் செய்முறைக்கு 25. வடிவமைப்புக்கு அதில் இடமில்லை. அதனால் பத்தாம் வகுப்பில் இதைத் திணிப்பது நடக்காத காரியம். ஒன்பதாம் வகுப்புதான் சரியான இடம். இங்கிலாந்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் சேர்ந்த பாடம் 1990-ல் தேசியப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. இங்கே அப்படி ஒரு பாடம் வரும்வரை அறிவியல் ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் கைவேலை ஆசிரியரும் பாடவேளையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மதிப்பிட்டே ஆக வேண்டும் என்றால் கடைசியாக நிற்கும் பொருளுக்கு மட்டும் மதிப்பெண் போடக் கூடாது. போட்டால் அடுத்த வருடமே கடை மாடல் திரும்பிவிடும். கெட்டுப்போன முன்மாதிரிகளையும் மேஜைமேல் வைக்கச் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று. ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று குறிப்பேட்டில் இரண்டு வரி. கடையில் வாங்கிய மாடலுக்குக் கெட்டுப்போன அண்ணன் தம்பிகள் இருக்காது; ஒரே பார்வையில் பிடிபடும்.

இன்னொன்றையும் கண்காணிக்க வேண்டும். குழுவில் பையன்கள் ரம்பத்தை எடுப்பார்கள், பெண் பிள்ளைகள் கையில் குறிப்பேடு போய்ச் சேரும். கையெழுத்து அழகு என்ற காரணம் தயாராக இருக்கும். வாரம் ஒருமுறை வேலையை மாற்றிவிடுவது ஆசிரியரின் பொறுப்பு.

கத்தி, பசை, நெருப்பு

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இந்தப் பகுதியில் வகுப்பறைக்குள் சூடான எதுவும் வேண்டாம் என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னால் அதைப் பழமைவாதம் என்று ஒதுக்க முடியாது. இந்தப் பாடத்துக்கு நெருப்பு தேவையும் இல்லை. பசைத் துப்பாக்கிக்குப் பதில் நூலும் டியூப்பும் போதும். ரம்பம், கட்டர் வேலை வராந்தாவில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூங்கில் சிலாம்பு கையில் ஏறும். முதலுதவிப் பெட்டியில் சாமணம் இருக்கட்டும்.

'பேட்டன்ட் வாங்கலாமா?'

தாங்கி நன்றாக வந்துவிட்டால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒன்றோடொன்று குழம்பும் மூன்று உரிமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. காப்புரிமை: ஒரு பொருள் வேலை செய்யும் விதத்தில் உள்ள புதுமைக்கு. 20 ஆண்டு.

2. வடிவமைப்புப் பதிவு: 2000-ம் ஆண்டுச் சட்டப்படி, பொருளின் தோற்றத்துக்கு மட்டும். 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

3. புவிசார் குறியீடு: ஓர் ஊரின் கைத்தொழிலுக்குக் கூட்டாகக் கிடைப்பது. தலையாட்டி பொம்மைக்கு இருப்பது இது. தனி ஆளுக்குச் சொந்தமாகாது.

விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டிவிட்டால் புதுமை என்ற தகுதி போய்விடும். அரசு அறிவிக்கும் சில கண்காட்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ரிம்மும் டியூப்பும் சேர்ந்த தாங்கிக்கு இந்த அலைச்சல் எதுவும் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வேண்டியது, அறுவடை முடிந்ததும் அது எங்கே போகிறது என்று பார்ப்பது. மூங்கில் கால்கள் மடங்காவிட்டால் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடக்கும், கரையான் ஏறும். அடுத்த ஜூனில் வரும் புதிய ஒன்பதாம் வகுப்பிடம் அதை அப்படியே தூக்கிக் கொடுத்து, "இது டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஏற மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லித் தொடங்கலாம்.